சன்னதியில் ஒரு பங்கு: கோயில் ஆடலும் அதற்கு உரியவர்களும்

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் முதலாம் ராஜராஜன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014 வரையிலான ஏற்பாடுகளைச் சொல்வது அது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடற்பெண்களின், பட்டியல் அதில் வருகிறது. திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை என்று எந்த ஊரின் எந்தத் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர் என்பதும், நக்கன் சேரமங்கை, நக்கன் பரவை, நக்கன் எடுத்தபாதம் என அவரவர் பெயரும் தனித்தனியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் குடியிருந்த தெரு, அந்தத் தெருவின் எந்தச் சிறகு, அதில் எத்தனையாவது வீடு என்பதையும் கல்வெட்டு விடாமல் சொல்கிறது.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். அந்த நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். கூத்தப்பிரானின் பெயர் கொண்ட மரக்காலால் அளந்துதான் அவன் முன் ஆடியவர்களுக்கு வாழ்வூதியம் கொடுத்தார்கள். இதே பட்டியலில் நட்டுவம் செய்வோர், ஆரியம் பாடுவோர், தமிழ் பாடுவோர், குழலூதுவோர், உடுக்கை வாசிப்போர், கணக்கர், விளக்கேற்றுவோர், தச்சர், தட்டார், தையற்காரர், வண்ணார் ஆகியோரின் பங்குகளும் வருகின்றன.

பங்குக்கு உரியவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ என்ன செய்வது என்பதற்கும் விதி வகுத்திருந்தார்கள். நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை நிறுத்த வேண்டும். உறவே இல்லாவிட்டால் அதே பணியிலுள்ள மற்றவர்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோயில் ஆடலைப் பற்றி இன்று பேசுவோர் பெரும்பாலும் இரண்டு முனைகளில் நின்று பேசுகிறார்கள். ஒரு பக்கம், தேவலோகத்திலிருந்து இறங்கிய புனிதக் கலை என்ற புகழ்ச்சி. மறுபக்கம், நிலவுடைமைச் சமூகத்தின் சுரண்டல் என்ற தீர்ப்பு. பெரிய கோயில் கல்வெட்டு காட்டும் ஆடல் இந்த இரண்டுக்குள்ளும் அடங்காது. ஆள், இடம், நேரம், ஊதியம், வாரிசு, தகுதி என எல்லாம் வரையறுக்கப்பட்ட வழிபாட்டுப் பணியாக அது இருந்தது. கோயில் ஆடலின் புனிதத்தை அந்தப் பணியுரிமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதும், 20ஆம் நூற்றாண்டில் நாம் ஆடலைக் காப்பாற்றிய அதே நேரத்தில் அந்த உரிமையைக் கைவிட்டோம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வழிபாட்டின் உறுப்பாக ஆடல்

தெய்வத்துக்காக ஆடுவது தமிழ் மண்ணில் சோழர்களோடு தொடங்கியதல்ல. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், மதுரை ஆயர்சேரியில் தீய நிமித்தங்கள் தோன்றியதும் மாதரி ஏழு கன்னியரை நிறுத்துகிறாள். ஏழு சுரங்களின் பெயர்களை அவர்களுக்கு இடுகிறாள். மாயவனைப் பாடிக் குரவை ஆடவைக்கிறாள். காண்போரை மகிழ்விக்க ஆடிய ஆடல் அன்று அது. வரவிருக்கும் கேட்டை விலக்க ஆடியது. தீமையை விலக்கி மங்கலத்தை நிலைநிறுத்தும் இந்த நோக்கம்தான் பிற்காலக் கோயில் ஆடலுக்கும் அடிப்படை.

சைவ ஆகமங்கள் இறைவனுக்குரிய உபசாரங்களில் கீதத்தையும் நிருத்தத்தையும் சேர்த்தே சொல்கின்றன. நீராட்டு, அலங்காரம், நைவேத்தியம், தீபம் என்ற வரிசையில் ஆடலும் ஒன்று. பார்க்க யாரும் வராத நாளிலும் நைவேத்தியம் நிற்பதில்லை. அதே போலத்தான் ஆடலும்.

இதன் செயல்முறையை நவசந்தி வழிபாட்டில் தெளிவாகக் காணலாம். பெருந்திருவிழாவின் கொடியேற்ற நாளில் எட்டுத் திசைக் காவலர்களையும் நடுவில் பிரம்மனையும் விழாவுக்கு அழைக்க வேண்டும். முதலில் பலிபீடத்தருகே பிரம்ம சந்தி. அடுத்துக் கிழக்கே இந்திரன், தென்கிழக்கே அக்கினி, தெற்கே யமன், தென்மேற்கே நிருதி, மேற்கே வருணன், வடமேற்கே வாயு, வடக்கே குபேரன், வடகிழக்கே ஈசானன் என வலமாகச் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு சந்தியிலும் சிவாச்சாரியார் மந்திரம் சொல்லிப் பலியிடுவார். அந்தத் திசைக்குரிய பண்ணைப் பாடுவார்கள். இந்திரனுக்குக் காந்தாரம், அக்கினிக்குக் கொல்லி, யமனுக்குக் கௌசிகம் என்பது முறை. அந்தத் திசைக்குரிய தாளம் ஒலிக்க, அதற்குரிய நிருத்தத்தை ஆடுவார்கள்.

அங்கே ஆடிய உருப்படிக்குக் கவுத்துவம் என்று பெயர். சொற்கட்டும் சாகித்தியமும் பின்னிவரும் சிறிய உருப்படி அது. நட்டுவனார் தாளம் தட்டிச் சொல்ல, ஆடுபவர் அந்தத் திசைத் தெய்வத்தின் நிறத்தையும் வாகனத்தையும் ஆயுதத்தையும் கையாலும் மெய்யாலும் காட்டி வணங்குவார். நவசந்திக் கவுத்துவங்களையும் பஞ்சமூர்த்திக் கவுத்துவங்களையும் இயற்றியவர், 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சை அரண்மனை நட்டுவனார்களான தஞ்சை நால்வரின் பாட்டனார் கங்கைமுத்து நட்டுவனார் என்பது அவர் மரபினர் காத்துவந்த செய்தி. மேடைக் கண்ணோடு பார்த்தால் கவுத்துவம் எளிமையானதுதான். ஆனால் அதை ஆடாமல் அந்தத் திசைக்கு அழைப்பு முழுமையாகாது. அழைப்பு முழுமையாகாமல் விழா தொடங்காது.

அன்றாட வழிபாட்டிலும் இதே நிலைதான். மாலைத் தீபாராதனையின்போதும், உற்சவர் வீதிவலம் முடித்துத் திரும்பும்போதும், கும்ப ஆரத்தி எடுப்பது ஆடும் பெண்களின் பணி. உலா வந்த தெய்வத்தின் மீது எத்தனையோ பேரின் கண் பட்டிருக்கும். குடத்தின் மேல் ஏற்றிய தீபத்தைச் சுழற்றி அந்தத் திருஷ்டியைக் கழித்த பிறகே இறைவனை உள்ளே எழுந்தருளச் செய்வார்கள். புறப்பாட்டுக்கு எச்சரிக்கை, ஊஞ்சலுக்கு ஊஞ்சல் பாட்டு, தெப்பத்துக்கு ஓடப் பாட்டு, பள்ளியறைக்கு லாலி என்று இறைவனின் ஒவ்வொரு அசைவுக்கும் பாட்டும் அபிநயமும் இருந்தன. அவற்றைப் பாடி ஆட உரிமை பெற்றவர்கள் இந்தப் பெண்கள்.

தேவரடியார் யார்?

பதியிலார், தேவரடியார், தளிச்சேரிப் பெண்டுகள், உருத்திர கணிகையர், மாணிக்கத்தார் எனக் கல்வெட்டுகளிலும் இலக்கியங்களிலும் இவர்களுக்குப் பல பெயர்கள் உண்டு. திருவாரூர்ப் பரவையாரை உருத்திர கணிகையர் குலத்தில் தோன்றியவராகச் சேக்கிழார் அறிமுகம் செய்கிறார். சுந்தரரின் துணைவியாரைப் பற்றி எழுதும்போது அந்தக் குலப்பெயரை மறைக்க வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டின் அந்தப் பெரும் சைவப் புலவருக்குத் தோன்றவில்லை.

சோழர் காலக் கோயில் பெண்களைப் பற்றிய கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்தவர் லெஸ்லி ஆர். அவர் 2000இல் வெளியிட்ட நூல், இவர்களில் மிகப் பலர் கல்வெட்டுகளில் இடம்பெறுவது கொடையாளர்களாகத்தான் என்பதைக் காட்டியது. விளக்கெரிக்கப் பொன், பூசைக்கு நிலம், திருமேனிகளுக்கு அணிகலன் என்று தங்கள் பெயரிலேயே கொடுத்திருக்கிறார்கள். கைம்மாறாகச் சன்னதியில் ஒரு பணியும் சில மரியாதைகளும் அவர்களுக்குக் கிடைத்தன. ஆகவே கோயில் பெண்கள் அனைவரும் ஆடலையே தொழிலாகக் கொண்டவர்கள் என்றோ, எல்லாக் காலத்திலும் பிறப்பால் மட்டுமே இப்பணிக்கு வந்தவர்கள் என்றோ சொல்லிவிட முடியாது. தஞ்சையின் 400 பெண்களைப் போன்ற பெருங்குழு அரசனின் தனிப்பட்ட ஏற்பாடு. பிற கோயில்களில் எண்ணிக்கை குறைவு, பணிகளும் வேறுபட்டன.

பிற்காலத்தில் இம்மரபுக்குள் வலுவாக நின்ற கருத்து நித்திய சுமங்கலி என்பது. இறைவனைக் கணவனாக ஏற்று அவன் பெயரால் பொட்டுக் கட்டிக்கொண்டவளுக்குக் கைம்மை கிடையாது. அதனால்தான் ஆரத்தி எடுக்கவும் திருஷ்டி கழிக்கவும் அவள் தகுதி பெற்றாள். திருத்தணி முருகன் கோயில் மரபை அருகிருந்து பதிவுசெய்த சாஸ்கியா கெர்சன்பூம், 1987இல் வெளியான தம் நூலுக்கு இந்தத் தொடரையே தலைப்பாக வைத்தார். மங்கலத்தைத் தெய்வத்துக்கே வழங்கும் அதிகாரம் இந்தப் பெண்களிடம் இருந்தது என்பது அவரது ஆய்வின் மையம்.

இந்த அதிகாரத்தோடு பொருளாதார உரிமையும் சேர்ந்திருந்தது. மானிய நிலம், குடியிருக்க வீடு, கோயில் பிரசாதத்தில் பங்கு, பெண்வழிச் சொத்துரிமை, பெண்ணைத் தத்தெடுக்கும் உரிமை ஆகியவை இவர்களுக்கு இருந்தன. மற்றக் குடும்பப் பெண்களுக்குக் கல்வியே எட்டாத காலத்தில் இவர்கள் எழுதப் படிக்கவும், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்கவும் வாய்ப்பிருந்தது.

அதே வேளையில் இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. அரசர்களின் ஆதரவு தளர்ந்து, கோயில்கள் மிராசுதார்களின் பிடிக்குள் போனபோது, இந்தப் பெண்களின் வாழ்வு அந்த மிராசுதார்களின் விருப்பத்தைச் சார்ந்ததாக மாறியது. விவரம் அறியாத வயதில் பொட்டுக் கட்டப்பட்ட சிறுமிக்குத் தன் வாழ்வைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. இந்த அநீதியை உள்ளிருந்தே கண்டவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். இம்முறைக்குள் வளர்ந்த அவர் அதை ஒழிக்கவே வாழ்நாளைச் செலவிட்டார். 1936இல் அவர் எழுதிய நாவல் அந்தப் போராட்டத்தின் ஆவணம்.

கோயிலிலிருந்து அரண்மனைக்கும் மேடைக்கும்

இன்று பரதநாட்டியக் கச்சேரியில் நாம் காணும் வரிசை, அதாவது அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்ற மார்க்கம், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரண்மனையில் உருப்பெற்றது. இரண்டாம் சரபோஜியின் அவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர் அதைச் செம்மைப்படுத்தினார்கள். இவர்கள் முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள். பெரிய கோயில் பணியிலும் தொடர்புடைய குடும்பத்தினர். காலையில் சன்னதியில் ஆடிய பெண் மாலையில் அரண்மனையிலும் ஆடியிருக்கலாம். இரண்டு இடத்திலும் நட்டுவனார் ஒருவரே, அடவுகளும் அவையே. ஆனால் இரண்டு இடங்களின் நோக்கமும் வேறு. கோயிலில் ஆடல் சடங்கின் ஓர் அங்கம். அரண்மனையில் அதுவே முழு நிகழ்ச்சி.

இரண்டுக்கும் நடுவில் நின்ற வடிவங்களும் இருந்தன. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சரபோஜி மீது இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோயில் விழாவில் அக்கோயிலின் பெண்களே ஆடிவந்தார்கள். அதே கோயிலில் ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு, இரண்டாம் ராஜேந்திரன் காலத்தில், வைகாசிப் பெருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் நடிக்க ஒரு சாந்திக் கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒதுக்கப்பட்டிருந்தது. விழாவில் தெய்வத்தோடு அரசனின் கதையையும் ஆடிக்காட்டும் பழக்கம் அங்கே தொடர்ந்து இருந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சென்னையில், இந்தப் பெண்களின் ஆடலை ஒழிக்கக் கோரிய நாட்டிய எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில், தேவதாசி என அப்போது அழைக்கப்பட்ட தேவரடியார் முறையை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவருடைய தாயாரும் இந்தச் சமூகத்தில் பிறந்தவர். 1929இல் வந்த சட்டத் திருத்தம், மானிய நிலங்களைக் கோயில் பணியிலிருந்து விடுவித்து, அனுபவித்துவந்த பெண்களுக்கே சொந்தமாக்க வழிசெய்தது. பணியைக் கைவிடும் பெண் தெருவில் நிற்கக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்கள் எதிர்த்து மனு கொடுத்தார்கள். தங்களுக்குக் கல்வியும் கலைப் பயிற்சியும் கொடுங்கள், தங்கள் உரிமையைப் பறிக்காதீர்கள் என்பதே அவர்களது வேண்டுகோளின் சாரம்.

1947இல் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக் கட்டுவதை அது தடைசெய்தது. அத்தோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்திலோ சுவாமி ஊர்வலத்திலோ பெண் ஆடுவதையே, கும்ப ஆரத்தியோடு ஆடினாலும் அது இல்லாமல் ஆடினாலும், சட்டவிரோதம் என்று அறிவித்தது. பொட்டுக் கட்டுவதை ஒழித்தது நியாயம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தோடு சன்னதியில் செய்யும் வழிபாட்டுப் பணிக்கும் அதே சட்டத்தில் தடை விதிக்கப்பட்டது.

அதே காலத்தில் ஆடல் வேறு வழியில் உயர்ந்தது. ஈ. கிருஷ்ணய்யரின் முயற்சியாலும் மியூசிக் அகாடமியின் ஆதரவாலும் அதுவரை சதிர் என்று அழைக்கப்பட்ட ஆடல் பரதநாட்டியம் என்று புதுப்பெயர் பெற்றது. ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்கள் ஆசான்களாகப் போற்றப்பட்டார்கள். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள், பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் கற்பித்தார். மேடையில் நடராஜர் திருமேனி வைக்கப்பட்டது. கோயில் தூண்களைப் போன்ற பின்னணி எழுந்தது. கோயிலில் ஆடியவர்கள் வெளியேறிய பிறகு கோயிலின் தோற்றம் மேடைக்கு வந்து சேர்ந்தது.

வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி 1975இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், மார்க்கத்தின் வரிசையைக் கோயிலுக்குள் நுழையும் அனுபவமாக விளக்கினார். அலாரிப்பு கோபுர வாயில், ஜதீஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள், வர்ணம் சன்னதி, பதம் கருவறையின் அமைதி. கோயில் கதவுகள் தம் குலத்துக்குச் சாத்தப்பட்ட பிறகு, ஆடலுக்குள்ளேயே கோயிலைக் கட்டிக்கொண்ட ஒருவரின் சொற்களாக அந்த உரையை வாசிக்க வேண்டும்.

அரையர்களுக்கு நிலைத்த உரிமை

கோயிலில் பெண்களின் ஆடல் எப்படித் தேய்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, தேயாமல் நின்ற ஒரு மரபையும் பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களில் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. நாதமுனிகள் தொடங்கிவைத்ததாக வைணவ மரபு சொல்லும் இந்தச் சேவையில், உயர்ந்த கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, பெருமாள் முன் நின்று அரையர்கள் ஆழ்வார்களின் நாலாயிரப் பாசுரங்களைப் பாடுவார்கள். பாடிய பாசுரத்துக்கு அபிநயம் பிடிப்பார்கள். வழிவழியாக வந்த உரையைச் சொல்வார்கள். மார்கழியின் பகல்பத்து, இராப்பத்துத் திருநாள்களில் இதைக் காணலாம். இச்சேவையின் ஒரு பகுதியான முத்துக்குறியில் தலைவி, தாய், குறிசொல்லும் கட்டுவிச்சி என மூன்று பாத்திரங்களையும் ஆணான அரையரே ஏற்று அபிநயிப்பார்.

குடும்பவழி உரிமை, சன்னதியில் பாட்டு, அபிநயம், நாயகி பாவம், கோயில் மரியாதை ஆகிய எல்லாமே தேவரடியார் மரபிலும் இருந்தவைதான். அரையர்களை யாரும் ஒழுக்கத்தின் பெயரால் கேள்வி கேட்கவில்லை. அவர்களது சேவையைத் தடைசெய்யச் சட்டம் வரவில்லை. ஆண்கள் செய்தபோது கைங்கரியமாக மதிக்கப்பட்ட பணி, பெண்கள் செய்தபோது இழிவாகப் பார்க்கப்பட்டது. பெண்களைச் சுரண்டியவர்கள் மீது விழ வேண்டிய பழியில் பெரும்பகுதி அந்தப் பணியின் மீதே விழுந்தது.

திருக்குறுங்குடி கைசிக நாடகம் இன்னொரு பாடம். கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசி இரவில், பாணர் குலத்து நம்பாடுவானின் கதையை அத்தலத்துப் பெருமாளான நம்பியின் சன்னதியில் நடிப்பது அங்கே வழக்கம். பிரம்மராட்சசனிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் திரும்பிச் சென்ற அந்தப் பக்தனின் கதையைக் கோயில் பெண்களே ஆடிவந்தார்கள். தேய்ந்து கிடந்த அந்த நாடகத்தை 1999இல் பேராசிரியர் சே. இராமானுஜம், அனிதா ரத்னம் ஆகியோர் முன்னின்று, பழைய மரபின் நினைவுள்ளவர்களோடு சேர்ந்து மீட்டெடுத்தார்கள். வடிவத்தை மட்டும் எடுத்துச் சென்னை மேடையில் போடாமல், அதே தலத்தில், அதே இரவில், அதே சன்னதியில் அது மீண்டும் நடந்தது. இடமும் காலமும் சேர்ந்தே மீண்டதால்தான் அது வழிபாடாக மீண்டது.

இனி செய்யத்தக்கது

சிதம்பரத்தில் 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. அதைப் பின்பற்றிப் பல ஊர்க் கோயில்களில் இப்போது பெண்கள் ஆடுகிறார்கள். 1947இன் சட்டம் குற்றமாக்கிய செயல், வேறு குடும்பங்களின் பெண்கள் செய்யும்போது விழாவாகிவிட்டது. அந்த ஆடலை நான் குறைசொல்லவில்லை. பக்தியோடு ஆடுபவர்கள் அதில் நிறையப் பேர். ஆனால் யார் இடத்தில் தாங்கள் நிற்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

விராலிமலை முருகன் கோயிலில் சிறுவயது முதல் ஆடிப் பணிசெய்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாடு காலம் தாழ்ந்து செலுத்திய மரியாதை அது. ஒருவருக்கு விருது கொடுத்ததோடு கடமை முடிந்ததாக நினைக்கக் கூடாது. இம்மரபில் வந்த குடும்பங்களிடம் உள்ள பாடல் ஏடுகளும் கவுத்துவங்களும் நினைவுகளும் கோயில்வாரியாகப் பதிவாக வேண்டும். கல்லூரிகளில் பரதநாட்டிய வரலாறு 1930களின் மறுமலர்ச்சியில் தொடங்காமல், கல்வெட்டுகளில் பெயர் உள்ள பெண்களிலிருந்து தொடங்க வேண்டும். நவசந்தி போன்ற சடங்குகளில் ஆடலின் இடம் வெறுமையாகக் கிடக்கும் கோயில்களில், குலமோ பொட்டோ பாராமல், தகுதியும் விருப்பமும் உள்ள வயது வந்த பெண்களை ஊதியத்தோடும் மரியாதையோடும் பணியில் அமர்த்தலாம்.

இதற்குப் புதிய கோட்பாடு எதையும் நாம் தேட வேண்டியதில்லை. பணிசெய்பவரின் பெயரை எழுதிவைப்பது, வாழ ஒரு வீடு தருவது, ஊதியத்தைக் குறைவின்றி அளப்பது, அடுத்து வருபவரைத் தகுதி பார்த்து நியமிப்பது ஆகியவை ராஜராஜனின் கல்வெட்டிலேயே இருக்கின்றன. அவன் காலத்து ஏற்பாட்டில் நம் காலத்துக்குப் பொருந்தாதவற்றை விலக்கிவிட்டோம், அது சரியே. பொருந்துபவற்றையும் சேர்த்து விலக்கியதைத் திருத்தும் பொறுப்பு, கோயிலை நிர்வகிக்கும் அரசுக்கும் ஆடலைக் கற்பிக்கும் நிறுவனங்களுக்கும் இருக்கிறது.